எப்போது பிடித்தது என்று காட்டாத படம்

மும்பை மாட்டுங்காவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலை பார்த்தபோது, அவர் கண்ணாடி வாங்க வந்தார். பிறகு திருகு லூஸாகிவிட்டது என்று மூன்று முறை வந்தார். நான்காவது வாரம், சாயங்காலம் நான் தாராவிக்கு நடந்து போகும்போது பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் நிற்கிற இடமாகப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"பின்னால வராதீங்க. பேசணும்னா கடைக்கு வந்து, என் முகத்தைப் பாத்துப் பேசுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். திருகைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சில நாள் பேசினோம். ஆறு மாதம் கழித்து செம்பூரில் ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனோம்.

படத்தில் நாயகன் மூன்று பாட்டு முழுக்க நாயகியைத் துரத்தினான். அவள் அறைந்தாள். அவனுக்கு அடிபட்டு ரத்தம் வந்தது. உடனே அவளுக்குக் காதலும் வந்தது. தியேட்டரே விசிலடித்தது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு அவனை எப்பம் பிடிச்சுது? நீங்க பாத்தீங்களா?"

"அதைக் காட்டவே இல்லை," என்றார். பிறகு மெதுவாக, "நானும் அவனை மாதிரிதானே உன் பின்னாடி வந்தேன்."

எனக்கு எப்போது பிடித்தது என்று கேட்டால், இந்த இடத்தைச் சொல்வேன்.

கல்யாணம் என்று முடிவானதும், வீட்டில் நானே பேசுகிறேன், நீங்கள் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். கேட்டதும் தட்டைத் தள்ளினார்.

"படம் பாத்துக் கெட்டுப் போயிட்ட நீ."

"படத்துல பொண்ணு அழுவா, பூட்டி வைப்பாங்க, அவன் வந்து தூக்கிட்டுப் போவான். நான் நாளைக்கும் வேலைக்குப் போவேன், சாயங்காலம் வீட்டுக்குத்தான் வருவேன். ஒங்களுக்குத் தெரியாம ஒண்ணும் செய்ய மாட்டேன். ஆனா அவரைத்தான் கட்டுவேன்."

அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவருடைய மாட்டுங்கா வீட்டிலும் "தாராவிப் பொண்ணா?" என்று கேட்டார்களாம். "ஆமாம்" என்பதற்கு மேல் எந்த விளக்கமும் அவர் சொல்லவில்லை.

எட்டு மாதம் நான் சொன்னதையே சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, வார்த்தையையும் மாற்றவில்லை. கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். அம்மா மட்டும் வந்தாள், நல்ல புடவை கட்டிக்கொண்டு. அப்பா வரவில்லை. படத்தில் வருவதுபோல் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை.

மூன்று வருடமாகச் செம்பூரில் இருக்கிறோம். ஞாயிறுதோறும் தாராவிக்குப் போகிறேன். அப்பா என்னோடு பேசுவதில்லை, எழுந்து போவதும் இல்லை. சில ஞாயிறு என் கணவரும் கூட வருவார். அன்று அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். நாங்கள் சாப்பிட்டு, அம்மாவோடு பேசிவிட்டுத்தான் கிளம்புவோம். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, "இன்னும் எதுக்குட்டி வார?" என்று கேட்டாள்.

"எங்க வீடு," என்றேன்.