மொட்டை மாடியிலிருந்து இறங்கிய இறக்கை

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். வரைபடங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். அலுமினியத் தகடு வெட்டுவது அவர், தகடுகளை இணைக்கும் ரிவெட் அடிப்பது நான். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு அதுதான்.

ஒரு பக்க இறக்கை முடிந்த அன்று, அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"படிக்கட்ட அளந்து பாத்தியா?"

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குடிவந்த அன்று அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில் எங்கள் கட்டில்கூட நுழையவில்லை.

கீழ் வீட்டு அண்ணன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கேள்விப்பட்டு மேலே வந்தவர், இறக்கையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்காடா நைனா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? படகுக் கயிறு கீது, ஆளுங்க கீறோம். எறக்கிடலாம்."

மறுநாள் அவர் மனைவி பழைய வலைகளை மடித்து, உரசாமலிருக்கக் கைப்பிடிச் சுவர்மேல் மெத்தைபோலப் போட்டார். டீ, வடை, ஆளுக்கொரு யோசனை எல்லாம் முடிவதற்குள் கடல் காற்று எழுந்துவிட்டது.

கயிற்றில் கட்டிய இறக்கை கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கியது. அண்ணனும் அவர் படகு ஆட்களும் மெதுவாகக் கயிற்றை விட்டார்கள். பாதி தூரத்தில் பலமாக ஒரு காற்று. இறக்கை அதை எதிர்த்துத் திரும்பி, அப்படியே மேலே எழும்பியது. விறைத்திருந்த கயிறு தொய்ந்தது.

"புடி, வுட்றாத," என்று கத்தினார் அண்ணன்.

என் கணவர் மட்டும் சுவரில் சாய்ந்து குழந்தைபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா மே, தூக்குது. நாம செஞ்சது தூக்குது."

காற்று தணிந்ததும் இறங்கியது. கீழே நின்றவர்கள் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். ஒரு கீறல்கூட இல்லை.

மீன் வண்டியில் கட்டி, எண்ணூரில் ஒரு நண்பரின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒரு கண்டெய்னர் லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது?"

"பிளேன் ரெக்க."

"குடுத்துவெச்சவன்பா. உனக்கு இந்த டிராபிக் கெடையாது."

மற்ற இறக்கையையும் விமானத்தின் உடலையும் பட்டறையிலேயே செய்தோம். போன ஞாயிறு முதன்முறையாக இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம். சோதனை, அனுமதி எல்லாம் பாக்கி, பறக்க நாளாகும். நாங்கள் இருவரும் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் என்னவோ சொன்னார், இரைச்சலில் கேட்கவில்லை. நானும் ஏதோ சொன்னேன். பார்க்க வந்திருந்த அண்ணன் மனைவி, விமான விசிறியின் காற்றில் பறந்த முடியை ஒரு கையால் பிடித்தபடி, அடுத்து தன் முறை என்று சைகை காட்டினார்.