உம்மணாமூஞ்சி

போன மாதம் ரஹாங்கில் மகன் வீட்டுப் புதுமனை புகுவிழா. குடும்பப் படம் எடுக்க வந்த பையன் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "பாட்டி, ஏன் உம்மணாமூஞ்சியா இருக்கீங்க? கொஞ்சம் சிரிங்க லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சிரிக்காத முகம், அவ்வளவுதான் அவனுக்கு அந்தச் சொல்லின் பொருள். எங்கள் தோட்டத்தில் அது ஒருத்தியின் பெயர். என் அத்தையின் பெயர்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம், நான் சிறுமி. பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று ஒரு காலையில் லாரி வந்து நின்றது. என் அப்பாவையும் அத்தையின் புருஷனையும் சேர்த்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆண்களில் பாதிப் பேரை ஏற்றினார்கள். ஜப்பான்காரனிடம் பெயர் கொடுத்தவன் எங்களை வேலை வாங்கும் மண்டோர்தான், நெற்றி நிறைய திருநீறு. அந்தப் பாவி பெண்களை வரிசையாக நிறுத்தி, "மூணே மாசம், வந்துருவானுங்க. கெளம்புற நேரத்துல யாரும் அழக் கூடாது. சிரிச்ச மொகமா அனுப்புங்க, அப்பதான் நல்லபடியா திரும்புவானுங்க" என்றான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அத்தை மட்டும் முந்தானையைக் கடித்தபடி மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த உம்மணாமூஞ்சிய உள்ள கொண்டு போங்க, சகுனத் தடை!" என்று மண்டோர் கத்தினான்.

ஒருத்தரும் திரும்பவில்லை. காலராவில் போய்விட்டார்கள் என்று எப்போதோ காற்றுவாக்கில் செய்தி வந்தது. ஆள் பிடித்துக் கொடுத்தவனை விட்டுவிட்டு லயமே அத்தையைப் பிடித்துக்கொண்டது. போகிற நேரத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாளாம், அதனால்தானாம்! தண்ணீர்க் குழாய்க்கு அவள் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். வயிறு எரியச் சொல்கிறேன், என் அம்மாவும் விலகினாள். மண்டோரோ ஜப்பான்காரன் கொடுத்த அரிசியைத் தின்று வாயெல்லாம் பல்லாகத் திரிந்தான். அவனை ஒரு வார்த்தை கேட்க அத்தனை பேரில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

ஒருநாள் குழாயடியில் அம்மா அந்தச் சொல்லை அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். அத்தை குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் சிரிக்கல, எம் புருஷன் வரல. சரி. நீ சிரிச்சியே அண்ணி, எங்கண்ணன் வந்தாரா?"

அதன் பிறகு சாகும்வரை அந்தச் சொல்லை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை.

கேமராப் பையன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான். "சிரிக்கச் சொன்னவன் பேச்சைக் கேட்டுத்தான் எங்கப்பாவ அனுப்பினோம் தம்பி. இப்படியே எடு" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, எடுத்தான். படம் நன்றாக இல்லை, இன்னொன்று எடுக்கலாம் என்கிறாள் மருமகள். எடுக்கட்டும். அதிலும் இதே மூஞ்சிதான் இருக்கும்.