யோசிக்கிறேங்க

கியோட்டோவில் அந்தச் சந்துக்குள் மொத்தம் பதினொரு வீடுகள். ஒன்பது வீடுகள் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. மிச்சமுள்ள இரண்டில் ஒன்று தட்சுகோவுடையது, எதிர்வீடு ஹருயேயுடையது.

தட்சுகோ முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடினார்கள். இப்போது அதுவும் ஹோட்டல். மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில் அவளால் ஏற முடிவதில்லை. கோயில் பார்க்க வந்தவர்களின் பெட்டிகள் படிவரை அடைத்துக்கொண்டிருக்கும். மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு நடந்தே போவாள். காயப்போட்ட துணியைக்கூட படம் பிடிக்கிறார்கள்.

"நேத்து என் உள்பாவாடையப் படம் புடிச்சிட்டுப் போனான் ஒருத்தன். எந்த ஊர்ச் சுவத்துல மாட்டியிருக்கானோ!" என்பாள் ஹருயே.

"இந்த வயசுல உங்களுக்கு ரசிகர் கேக்குதாக்கா?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "நீ இருக்கற வரைக்கும் நானும் இருப்பேன்டி" என்று ஹருயே சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சுதான் தட்சுகோவை அந்த வீட்டில் பிடித்து வைத்திருந்தது.

மார்ச் மாதம் டோக்கியோவிலிருந்து செகினே என்ற வீட்டுத் தரகர் வந்தார். குனிந்து வணங்கி, வீட்டை விற்க முடியுமா என்று கேட்டார். தட்சுகோ தேநீர் ஊற்றிக் கொடுத்து, "யோசிக்கிறேங்க" என்றாள். கியோட்டோக்காரர் காதில் அது 'முடியாது' என்றுதான் விழும். முகத்துக்கு நேரே மறுப்பது அங்கே மரியாதை இல்லை. செகினேவோ மகிழ்ந்துபோய் நேராக எதிர்வீட்டுக்குப் போனார். "அந்தம்மா கிட்டத்தட்ட சம்மதிச்சுட்டாங்க" என்றார்.

ஹருயே வந்து கேட்டிருக்கலாம். அப்படி நேராகக் கேட்பதும் மரியாதை இல்லையே. இரண்டு வாரம் இருவரும் எதிரெதிரே வாசல் பெருக்கினார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒரு காலையில் ஹருயே வீட்டு முன் சாமான் லாரி வந்து நின்றது.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"மகன் வீட்டுக்கு. நீ போனப்புறம் நான் இங்க யார் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கறது? அதான் முந்திக்கிட்டேன்."

"நான் போறேன்னு யார் சொன்னா?"

"தரகர்கிட்ட சம்மதிச்சியாமே."

"யோசிக்கிறேன்னுதானேக்கா சொன்னேன்!"

ஹருயேவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. "அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் செகினே பத்திரத்தோடு வந்தார். தட்சுகோ அவரை உள்ளே கூப்பிடவில்லை. "முடியாது" என்றாள், பிறந்ததிலிருந்து முதல் முறையாக.

"அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். விற்காமல் காப்பாற்றிய வீட்டில் இனி யாருக்காக இருப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.