ஒப்துலியா பார்த்த சட்டைகள்

அசுன்சியோனில் பழைய ராணுவப் பொருள்களை வாங்கி விற்கிறவர்கள் அந்தக் காலத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி, "ஞா ஒப்துலியா பாத்தாச்சா?" என்பதுதான். வயதில் மூத்த பெண்ணை அங்கே 'ஞா' போட்டுத்தான் சொல்வார்கள். பார்த்தாயிற்று என்றால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் பொருளைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டு வேறு கதை பேச வேண்டியதுதான்.

ஒப்துலியா கன்யேத்தே பெரிய படிப்பு எதுவும் படித்தவள் இல்லை. ராணுவ உடுப்புத் தைத்துக்கொடுத்த ஒரு தையற்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் மிஷினை மிதித்தவள். அதற்கும் முன்னால், தண்ணீரில்லாத சாக்கோ வனாந்தரத்துக்காகப் பக்கத்து நாட்டோடு சாக்கோ போர் நடந்த மூன்று வருஷமும், வெட்டிய துணி மூட்டை மூட்டையாக அவள் வீட்டுக்கு வந்து இறங்கியது. அம்மாவும் தெருப் பெண்களும் மாமரத்தடியில் உட்கார்ந்து தைப்பார்கள். ஐந்து வயது ஒப்துலியாவுக்கு, உருண்டோடிய பொத்தான்களைப் பொறுக்கிக் கொடுக்கிற வேலை. அந்தப் பாசிப் பச்சைத் துணியின் கஞ்சி வாசனை, அம்மா பல்லால் நூலைக் கடிக்கிற சத்தம், மாம்பூ கொட்டிக் கிடந்த தரை எல்லாம் அறுபது வயதுக்குப் பிறகுதான் அவளுக்கு அதிகமாக ஞாபகம் வந்தன. பழைய சட்டை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டால் போதும், பேச்சு தானாக அங்கே போய்விடும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் சட்டைகள் அவளைத் தேடி வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் சாக்கோ போர்ச் சாமான்களைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். தேடுகிறவன் வந்தால் செய்கிறவனும் வருவான் அல்லவா? புதுத் துணியில் சட்டை தைத்து, தேநீர் போலக் குடிக்கிற யெர்பா இலையைக் கொதிக்கவைத்து ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, "தாத்தாவோட பெட்டியில இருந்துச்சு" என்று கொண்டுவருவார்கள். ஒப்துலியா முதலில் மோந்து பார்ப்பாள். பிறகு பையின் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். மனுஷன் போட்ட சட்டை ஒரே சீராக வெளுக்காது. தோள் வெளுக்கும், கக்கம் மக்கும், பை மூடிக்கு அடியில் மட்டும் துணி நேற்று வந்தது போல இருக்கும். யெர்பாவில் குளித்த சட்டை எல்லா இடத்திலும் ஒரே கிழமாக இருக்கும். அதிலும் முடிவு தெரியாவிட்டால் உள் தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவாள். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். இந்தக் காலத்து நூல் என்றால் உருகி, கடுகு மாதிரி உருண்டுகொள்ளும்.

பதக்கம், கத்தி என்று யாராவது நீட்டினால் கையால் தள்ளிவிடுவாள். தன்னிடம் இரும்பு பேசாது, துணிதான் பேசும் என்பாள்.

சிப்பாய்ச் சட்டை நல்ல நிலையில் வந்தால் அவளுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அதிகாரிகளின் சட்டை பெட்டியில் கற்பூரம் போட்டுத் தூங்கியிருக்கும், சரி. சிப்பாய் வீட்டுக்கு வந்ததும் அதே சட்டையோடு மரவள்ளித் தோட்டத்தில் இறங்கினான். முப்பத்தெட்டாம் வருஷத்துக்குள் அது பிள்ளைகளின் கால்சட்டையாகி, பிறகு சட்டி துடைக்கிற துணியாகிப் போயிற்று. உண்மையான சட்டைகளில் பெரும்பாலானவை அப்படித்தான் உழைத்துச் செத்தன என்று அவள் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் லியோன்சியோ பெனேகாஸ் வந்தார். துறைமுகத் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வரும்போதெல்லாம் சூடான சீப்பா ரொட்டி வாங்கிக்கொண்டு வருவார், யெர்பாவைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்த தெரெரேயைக் கிண்ணத்தில் அவரே நிரப்பிக் கொடுப்பார். அன்றைக்குக் காகிதத்தில் சுற்றிய ஒரு சட்டையை மேஜைமேல் விரித்தார். இடது மார்பில் ஓட்டை. அதைச் சுற்றிக் கறுத்த கறை.

இத்தகுவாவில் கூமெர்சிந்தா என்று ஒரு கிழவி இருக்கிறாள், அவளுடைய அண்ணன் வெனான்சியோ முப்பத்திரண்டில், இருபது வயதில் போக்கெரோன் சண்டையில் செத்தவன், இது அவன் சட்டை என்றார் லியோன்சியோ. ஊர்க்காரர்கள் கண்ணாடிப் பெட்டி செய்து தயாராக வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் இருபத்தொன்பது, வெற்றி நாளன்று திறப்பு. கிழவிக்குச் சட்டையின் புகைப்படத்தைக் காட்டியாயிற்று, அழுதுவிட்டாளாம். ஒப்துலியா நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒப்துலியா மோந்து பார்த்தாள். பழைய வாசனைதான். நூலை எரித்தாள், சாம்பல் உதிர்ந்தது. துணி அந்தக் காலத்துத் துணி, பொத்தான் அந்தக் காலத்துப் பொத்தான். பொத்தான் துளைகளைப் பார்த்ததும் விரல் நின்றது. ஓரத்தில் ஒரு தையலை அதிகமாகப் போட்டு முடிக்கிற கை அவள் அம்மாவுடையது. அதைச் சொன்னதும் லியோன்சியோ முகம் மலர்ந்து ரொட்டியைப் பிட்டார்.

அவள் சட்டையை உள்பக்கமாகத் திருப்பினாள். இடது கக்கத்துக்குக் கீழே நீளவாக்கில் ஒரு சின்னப் பை இருந்தது. அதற்குள் இரண்டு விரலை விட்டாள். விட்டவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

"இது எதுக்கு வச்ச பை தெரியுமா, தோன் லியோன்சியோ?"

"கடுதாசி வைக்க இருக்கும்."

"மூக்குக்கண்ணாடி வைக்க. இருவது வயசுப் பையனுக்கு எதுக்குய்யா மூக்குக்கண்ணாடி? இத நான்தான் தச்சேன்."

அறுபத்தொன்பதாம் வருஷம் நடந்தது அது. போக்கெரோனுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிய பழைய ஆட்கள் பதினோரு பேர் அவள் வாசலில் வந்து நின்றார்கள். வெற்றி நாள் அணிவகுப்பில் நடக்க ஆசை. ஒருவரிடமும் பழைய உடுப்பு இல்லை, எல்லாம் தோட்டத்தில் கரைந்திருந்தது. தையற்கூடத்துக் கிடங்கில் போர்க்காலத் துணி இரண்டு உருளை எலி கடித்துக் கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். கண் மங்கியிருந்தாலும் பொத்தான் துளை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அளவெடுக்கும்போது ஒவ்வொருவராக, எழுத்து தெரியவில்லை, கண்ணாடியை எங்கே வைத்துக்கொள்வது என்று முணுமுணுத்தார்கள். ஒப்துலியா சிரித்துக்கொண்டே பதினோரு சட்டையிலும் உள்ளே ஒரு பை வைத்தாள்.

அந்தப் பதினொன்றில் இது யாருடையது என்றும் அவளுக்குத் தெரிந்தது. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் தாழ்வாக வெட்டியிருந்தது. தண்ணீர்த் தகர டப்பா சுமந்து சரிந்த தோள். கையும் நீளம். ஃபெர்மின் பாயெஸ்.

ஃபெர்மின் ஒவ்வொரு செப்டம்பரும் அணிவகுப்புக்கு இரண்டு வாரம் முன்னால் சட்டையோடு வருவார். ஒரு வருஷம் பிடிக்கிறது என்பார், மறு வருஷம் தொளதொள என்கிறது என்பார். பிரித்துத் தைக்க அரைமணி நேரம் போதும், அவர் பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். எலுமிச்சைப் புல் போட்ட தெரெரே அவருக்குப் பிடிக்கும். ஒப்துலியாவின் புருஷன் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நாலாவது செப்டம்பரில் ஃபெர்மின் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, வருஷத்துக்கு ஒரு தடவை வருவதற்குப் பதில் இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று கேட்டார். அவள் வாயில் நூல் இருந்தது. கேட்காத மாதிரி கடித்துத் துப்பிவிட்டு, கையைத் தூக்குங்க, கக்கம் இழுக்குதா பாக்கணும் என்றாள். அவர் கையைத் தூக்கினார். மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பிறகும் ஏழு வருஷம் வந்தார். பிறகு பிலாரில் மகன் வீட்டோடு போய்விட்டார். அங்கேயே இறந்துபோனார் என்று எண்பத்தெட்டில் யாரோ சொல்லித் தெரிந்தது.

"எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

பிலாரில் ஒரு வீட்டில், மருமகள் பெட்டியோடு விற்றாள் என்றார் லியோன்சியோ. ஒப்துலியா ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். குண்டு துணியைக் கிழித்துக்கொண்டு போகும், நூல் உள்நோக்கி நாராகத் தொங்கும். இதில் விளிம்பு வட்டமாகக் கருகியிருந்தது. சுருட்டுக் குடிக்கிற தெருவில் அறுபது வருஷம் கிழிசல் தைத்தவளுக்கு அது போதும்.

"இது சிகரெட் சுட்டது."

லியோன்சியோ மறுக்கவில்லை. ரொட்டித் துணுக்கை மேஜையிலிருந்து துடைத்தார்.

"ஓட்டை இல்லாம கதை நிக்காது, ஞா ஒப்துலியா. துணி நெசம், நூல் நெசம். அந்தக் கெழவி நிம்மதியா கண்ண மூடுவா. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் சட்டையை மடித்தாள். இரண்டு நாள் தன்னிடம் இருக்கட்டும் என்றாள். லியோன்சியோ தயங்கினார். ஆனால் அவள் மடியிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்குகிற தைரியம் அந்தத் தொழிலில் யாருக்கும் இல்லை.

மறுநாள் காலை பஸ் ஏறி இத்தகுவா போனாள். கூமெர்சிந்தா வாசலில் சட்டத்தில் துணியைக் கட்டி, சிலந்தி வலை போல நூல் பின்னிக்கொண்டிருந்தாள். வாயில் சுருட்டு. குவாரானியைத் தவிர வேறு பாஷை பேச மாட்டாள். ஒப்துலியா யார் என்று சொன்னதும் நாற்காலியைக் காட்டினாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் ஒப்துலியாவுக்கு மறந்துபோயிற்று. சட்டையை எடுத்துக் கிழவியின் மடியில் வைத்தாள்.

"அக்கா, இது உங்க அண்ணன் சட்டை இல்ல. நான் தச்சது. அறுபத்தொம்பதுல."

கூமெர்சிந்தா சட்டையைத் தடவினாள். அதன் கையைப் பிடித்து நீட்டித் தன் கையோடு அளந்தாள். சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"தெரிஞ்சுதுன்னு சொல்லமாட்டேன்," என்றாள். "தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேன். வெனான்சியோ என்னோட காதுக்குத்தான் வருவான். இவ்ளோ நீளக் கை அவனுக்கு ஏது?"

பிறகு அவளே சொன்னாள். அண்ணன் நெஞ்சில் குண்டு பட்டுப் போனான் என்று கடிதம் வந்ததாம். அம்மா அதையே நம்பிச் செத்தாள். போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து அவனோடு இருந்த ஒருவன் வந்து, குண்டெல்லாம் இல்லை, தாகத்தில்தான் போனான் என்று இவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதை இதுவரை யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஓட்டையோடு சட்டையின் படம் வந்தபோது, கடிதம்தான் நிஜம் போலிருக்கிறது என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாளாம்.



"இது யாரோடது?" என்று கூமெர்சிந்தா கேட்டாள்.

சொல்லலாமா என்று ஒப்துலியா ஒரு கணம் யோசித்தாள். மறைக்க வந்தவளில்லையே. தண்ணீர் லாரி ஓட்டியவர் என்று சொன்னாள். ஃபெர்மின் அவளிடம் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசியிருந்தார். நிறையத் தகரங்களோடு கிளம்புவார்களாம். மணலில் சக்கரம் புதையும், வழியில் விழுந்து கிடப்பவர்கள் கையை நீட்டுவார்கள், கொடுக்காமல் எப்படிப் போவது? கொடுத்துக் கொடுத்து, போய்ச் சேரும்போது பாதிகூட இருக்காது. போர்முனையில் காத்திருந்தவர்கள் தகரத்தின் சத்தத்தை வைத்தே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்களாம். அந்த முகங்களைப் பார்க்க முடியாமல் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன் என்று சொல்லியிருந்தார்.

கூமெர்சிந்தா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. சட்டையை ஒப்துலியாவிடம் திருப்பிக் கொடுத்து, பின்னல் கூடையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து நீட்டினாள்.

"அந்த ஓட்டைய அடைச்சிரு. இந்த ஆளுக்கும் குண்டு படல, எங்க அண்ணனுக்கும் படல. அப்பறம் எதுக்கு அது?"

ஒப்துலியா கருகிய விளிம்பை வெட்டிவிட்டு இழை இழையாகப் பின்னி அடைத்தாள். கூமெர்சிந்தா பக்கத்தில் உட்கார்ந்து, இழுத்துப் பிடி, சுருங்கும் என்று ஒன்றிரண்டு தடவை சொன்னாள். நடுவில் அந்த ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டாள். நெட்டையாக, ஒரு பக்கம் சரிந்து நடப்பார், போல்கா ஆடத் தெரியாது, ஆனால் ஆடுவார் என்றாள் ஒப்துலியா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"கட்டிக்கக் கேட்டானா?"

"கேட்டாரு."

"நீ?"

"நூலக் கடிச்சிட்டு இருந்தேன்."

கூமெர்சிந்தா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாமெல்லாம் ஊசி பிடிச்சே கெட்டோம் என்றாள். இரண்டு பேரும் மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். புறப்படும்போது கூமெர்சிந்தா சட்டையைத் தானே மடித்து அவள் பையில் வைத்தாள்.

செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே வெனான்சியோவின் புகைப்படம் மட்டும் இருந்தது. படத்தில் அவன் சட்டைகூடப் போடவில்லை, ஆற்றங்கரையில் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கூமெர்சிந்தாவிடம் இருந்த ஒரே படம் அது. அதன் அடியில் தாகத்தால் இறந்தான் என்று எழுதச் சொல்லி ஊர்க்காரர்களோடு சண்டை போட்டு எழுதவைத்தாள்.

லியோன்சியோ இரண்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் கம்பளி உறை போட்ட தண்ணீர்க் குடுவை ஒன்றோடு, கூடவே சீப்பாவோடு, எதுவும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தார். சட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உறையின் தையலைத் திருப்பிப் பார்த்து, இது நல்லது, வச்சுக்கோங்க என்றாள்.

ஃபெர்மினின் சட்டைக் கறையை அவள் எலுமிச்சையும் உப்பும் போட்டு மூன்று நாள் வெயிலில் வைத்தாள். முக்கால்வாசி போயிற்று. மிச்சத்தை விட்டுவிட்டாள். அதை அலமாரியில் தன்னுடைய உடுப்புகளுக்கு நடுவில் மாட்டி வைத்திருந்தாள். கேட்கிற வியாபாரிகளிடம், போலியா அசலா என்று சொல்ல முடியாத சட்டை அது ஒன்றுதான், விற்பனைக்கு இல்லை என்பாள்.