வலிக்காத கழுத்துக்கு ஒரு கத்தி

காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுவந்த ஜெரால்டின் குரல், ஐஸ் உடைக்கிற சத்தத்தைத் தாண்டி துறைமுக மதில்வரை போகும். ஐம்பத்தெட்டு வயதிலும் அப்படித்தான். வண்ணாரப்பேட்டைக் கடைக்கு மீன் எடுக்க வரும் மஜீது கிண்டலடிப்பார்: "நைனா, பக்கத்துலதான் கீறேன். எண்ணூர்ல கீறவனுக்கா கூவுற?"

"நீ வாயத் தொறக்கறதுக்குள்ள எண்ணூர்க்காரன் வந்து மீனை எடுத்துகினு பூடுவான்!"

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில், வேலையில்லாமல் சுற்றிய ஜெரால்ட் இலவச மருத்துவ முகாமுக்குள் நுழைந்தார். கழுத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் எழுபது சதவீதம் அடைப்பு. தலைசுற்றல் இல்லை, கைகால் மரத்ததில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஆபரேஷன் பண்ணா பக்கவாதம் வர்ற வாய்ப்பு கொஞ்சம் குறையும். ஆனா ஆபரேஷன்லயே ஆபத்து உண்டு. அபூர்வமா குரல் நரம்பும் அடிபடலாம். உங்களுக்குத் தொந்தரவே இல்ல. மாத்திரை போட்டு, பீடிய விட்டே நல்லா இருக்கறவங்க நிறைய பேர். ஒரு வாரம் யோசிச்சிட்டு வாங்க."

ஏலத்தில் யோசித்து நின்றவன் வெறும் கூடையோடு திரும்புவதை முப்பது வருடமாகப் பார்த்தவர் ஜெரால்ட். தடைக்காலம் முடிய இருபது நாள்தான்.

"அறுத்துடுங்க சார். போட்டுங்கல்லாம் கடலுக்குப் போறதுக்குள்ள எழுந்துகினா போதும்."

மனைவி சிலுவையம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாய்யா அவசரம்? வஞ்சிரமா இது, கை மாறிப் போறதுக்கு?"

"பேஜாரு பண்ணாத, சும்மா கெட."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழாய் சுத்தம் என்றார் டாக்டர். குரல் மட்டும் வரவில்லை. மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றார்கள், பத்து மாதமாகிறது. பஞ்சரான டியூபில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இப்போது திருமலை என்கிற இளவட்டம் ஏலம் கூவுகிறான். ஜெரால்ட் அவன் காலடியில் உட்கார்ந்து மீனைக் கூறு கட்டுகிறார். சிலுவையம்மாள் ஒரு நாளும் 'அப்பவே சொன்னேன்' என்றதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அதற்கும் குரல் வேண்டும்.

நேற்று மஜீது பக்கத்தில் குந்தினார். "வுடு நைனா. வாதம் வந்து வூட்ல படுத்துகினு கீறதுக்கு இது மேல் இல்ல?"

"வராமலே கூடப் போயிருக்கும், மாமு," என்றார் ஜெரால்ட், அந்தக் காற்றுச் சத்தத்தில்.

"டாக்டராண்ட கேக்கறதுதானே?"

"கேட்டேன்," என்றார் ஜெரால்ட். "அவருக்கும் தெரியாதாம்."

ஜெரால்ட் அடுத்த கூடையைக் கவிழ்த்தார்.