போர்மேனுக்கு நான் கொடுத்த குறை

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு ஊரைக் கட்டிக்கொண்டிருந்தோம். கற்பனை ஊர்தான். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவருடைய பாத்திரம் பேசினால் அடுத்தவர் தன் பாத்திரத்தின் வாயால் பதில் சொல்லிக் கதையை நகர்த்த வேண்டும். தோஹாவில் இருந்தவர் டீக்கடைக்காரர். கோயம்புத்தூர் ஆசிரியை ஒருவர் தபால்காரர். பட்டாசுக் கம்பெனி முதலாளியாக எழுதியவர் அமெரிக்காவில் எங்கோ இருந்தார். புனைபெயரைத் தவிர அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கம்பெனியின் போர்மேன் நான்.

நிஜத்தில் நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பிழை திருத்துகிறவன். காலண்டரில் அமாவாசை சரியான தேதியில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். நாற்பத்து மூன்று வயதில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டு இன்னொரு ஆளாக நடிப்பது குடும்பஸ்தனுக்கு அழகா என்று நீங்கள் கேட்க வேண்டாம். என் மனைவி கேட்டுவிட்டாள்.

பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. ஆனால் மனைவியின் அண்ணன், என் மச்சான், எம். புதுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் போர்மேன். கலவை அறையின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அந்த அறை வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்காக, உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மச்சானுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. அதனால் இடது கையால் தொடுவார். ஒரு தரம் போதும். இவர் மூன்று தரம் தொடுவார். அந்தக் கையை அப்படியே எடுத்து என் போர்மேனுக்கு மாட்டிவிட்டேன். பருத்தி வேட்டி, வெறுங்கால், யாரையும் நம்பாத பார்வை எல்லாம் அவருடையவைதான். ஊரில் இதைத்தான் திருட்டு என்பார்கள். நாங்கள் பாத்திர வார்ப்பு என்போம்.

மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு கோயம்புத்தூர் ஆசிரியை எழுதினார்: "உங்கள் போர்மேன் தப்பே செய்ய மாட்டாரா? சுவரில் மாட்டிய படம் மாதிரி இருக்கிறார்." தோஹாக்காரரும் ஆமோதித்தார். ஒரு குறை வேண்டும், அப்போதுதான் ஆள் எழுந்து நடப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. என்னிடமும் குறைகள் ஏராளம். ஆனால் மேல்சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவதை வைத்து யாரும் கதை நடத்த முடியாது.

அப்போதுதான் மச்சான் சொன்னது ஞாபகம் வந்தது. முந்தின மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் சொன்னார். தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. சாயங்காலம் கலந்த மருந்தில் இரண்டு தட்டு மிஞ்சிவிட்டது. மிஞ்சியதை அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். காலையில் முதல் வேலையாகத் தேவைப்படுமே என்று அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் விடிகிறபோது போய்ப் பார்க்கிறவரை உயிர் கையில் இல்லையாம். ஒன்றும் நடக்கவில்லை. "யார்ட்டயும் சொல்லிராதீக மாப்ளே" என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. உலகம் முழுவதும் படிக்கிற இடத்தில் எழுதினேன்.

போர்மேன் தட்டுகளைப் பார்ப்பது, தயங்குவது, இடது கையால் சாவியைத் திருப்புவது என்று ஒரு பக்கம். கொஞ்சம் பொறுப்புள்ளவராகவும் தெரியட்டுமே என்று, மருந்தின் மேல் ஈரச் சாக்கு ஒன்றையும் போட்டு மூட வைத்தேன். ஆசிரியை பாராட்டினார். தோஹாக்காரருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டதாம். நான் பிரஸ்ஸுக்குத் திரும்பி, வந்த உற்சாகத்தில் ஒரு பௌர்ணமியைக் கோட்டை விட்டேன்.

மறுநாள் முதலாளி பாத்திரம் வாயைத் திறந்தது. "ராத்திரி அறைக்குள் மருந்து இருந்திருக்கிறது. யார் வைத்தது?" கதைக்கு நல்ல திருப்பம்தான் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைக் கீழே இறக்கினால், அதே ஆளிடமிருந்து தனிச் செய்தி ஒன்று காத்திருந்தது.

"இடது கையால் மூன்று தரம் தகட்டைத் தொடும் ஒருவரை எனக்குத் தெரியும். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எங்கள் அப்பா கம்பெனியில்தான் இருக்கிறார். இது நடந்ததா? அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன்."

ஆக, நிஜத்திலேயே அவர் மச்சானுடைய முதலாளியின் மகன். மிச்ச மருந்தை வைத்துப் பூட்டினார் என்று தெரிந்தால் எந்த முதலாளியும் அந்த ஆளை வைத்துக்கொள்ள மாட்டார். வைத்துக்கொள்ளவும் கூடாது. மச்சானுக்கு வேறு தொழில் தெரியாது. எட்டு விரலை வைத்துக்கொண்டு ஐம்பது வயதில் புதிதாக எதைக் கற்றுக்கொள்வார்?

நான் செய்தது இன்னும் மோசம். ஆளை மாற்றப் பார்த்தேன். அடுத்த பதிவில் போர்மேனுக்கு விரல்கள் முளைத்தன. அதற்கடுத்ததில் வலது கைக்காரர் ஆனார். கொடுவாள் மீசை வந்தது. பூர்வீகம் தஞ்சாவூருக்குப் போனது. ஆசிரியை கேட்டார்: "நேற்றுவரை இருந்தவர் எங்கே? இவர் யார்?" தோஹாக்காரர், "போர்மேனுக்கு டபுள் ஆக்டா?" என்றார். முதலாளியாக எழுதியவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். மறைக்கிறவன்தானே இப்படி அவசரம் அவசரமாக மீசை ஒட்டுவான்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மனைவியிடம் சொன்னேன்.

"எங்க அண்ணனையா எழுதுனீக?"

"பேர் போடலை."

"விரலைப் போட்டீகள்லா? பேரு எதுக்கு?" கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஊர்ல அம்புட்டுப் பேரு இருக்காக, உங்களுக்கு எங்க அண்ணன்தான் கெடைச்சாகளா? ஏன், உங்க அண்ணன் எழுதுத மாதிரி ஒண்ணும் பண்ணலையோ?"

என் அண்ணன் உண்மையிலேயே எழுதுகிற மாதிரி எதுவும் பண்ணியதில்லை.

"அந்தப் பையன் வந்து எறங்குறதுக்குள்ள போயி அண்ணங்கிட்டச் சொல்லுங்க. வேற யாரும் சொல்லித் தெரியக் கூடாது."

நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், இனித் தள்ள நாள் இல்லாததால், எழுதியதை அச்செடுத்துக்கொண்டு பஸ் ஏறித் திருத்தங்கல்லில் இருந்த மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளே. சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டதாகப் பொய் சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை. "கதைதான எழுதுனீக? அதுல நான் எங்கன வந்தேன்?" என்றார். காகிதத்தை எடுத்து வாசித்தேன். சாவி திரும்பும் இடம் வந்ததும் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். ஈரச் சாக்கு வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஈரச் சாக்கா?"

"ஒரு பாதுகாப்புக்கு..."

"யோவ் மாப்ளே!" அவர் என்னை யோவ் என்றது அதுதான் முதல் தடவை. "ஈரம் பட்டாத்தான அது சூடாகும்! அதுக்குப் பயந்துதான நான் விடிய விடிய முழிச்சுக் கெடந்தேன்! இருபத்திரெண்டு வருசமா மருந்துல கெடக்கவன் ஈரச் சாக்கப் போட்டு மூடுவானா? சிவகாசியில இருந்துக்கிட்டு இது கூடவா தெரியாது?"

தெரியாது. தீ என்றால் தண்ணீர் என்பதோடு என் விஞ்ஞானம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த நிமிடம் என் மண்டைக்குள் விளக்கெரிந்தது.

"மச்சான், அப்ப தப்பிச்சோம்! ஈரச் சாக்குப் போட்ட ஆளு நீங்களா இருக்க முடியாதுல்லா? அந்தப் பையனுக்கு அப்படியே எழுதிப்புடுறேன். இது வேற யாரோன்னு."

அவர் எண்ணெய்க் குப்பியை எடுத்து மூடினார்.

"சாக்கு பொய்யி. மருந்து?"

நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அடுத்த ரூம்ல பதினோரு பொம்பளையாளுக ஒக்காந்து வேல பாக்குதாக மாப்ளே. காலையில ஏழு மணிக்கெல்லாம் வேன்ல வந்து எறங்கிருவாக. நான் விடியப் போயிப் பாத்தது அதுக்குத்தான். நீங்க ஒண்ணும் எழுத வேணாம். நாளைக்கி நானே மொதலாளிகிட்டப் போறேன்."

மறுநாள் பிரஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்பெனி கேட்டுக்கு எதிரே, வேப்ப மரத்தடியில் இரவல் பைக்கை நிறுத்திக் காத்திருந்தேன். உள்ளே போனவர் பத்து மணிக்கும் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. வாட்ச்மேன் என்னை இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, "ஏலே, ஆர்டர் எடுக்க வந்த ஆளான்னு கேளு" என்று யாரிடமோ கத்தினார். நான் பைக்கை மரத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்தினேன்.

பன்னிரண்டரைக்கு மச்சான் வெளியே வந்தார். இடுப்பில் சாவி இல்லை.

"வாங்கிட்டாக" என்றார். "தீவாளி வரைக்கும் பேக்கிங்ல இருக்கணும். அதுக்கப்பொறம் யோசிச்சுச் சொல்லுதேன்னாக."

"அந்தப் பையன் சொல்லியிருந்தானா?"

"இல்லை. நான் சொல்லித்தான் மொதலாளிக்கே தெரியும். பையன் போன்ல கூட வாயே தெறக்கலையாம்."

இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். திருத்தங்கல்லுக்கு வண்டியை விட்டேன். வீட்டு முனையில் இறங்கியபோது என் தோளைப் பிடித்தார்.

"மாப்ளே, தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேணாம். பயந்துருவா."

சரி என்று தலையாட்டினேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அந்த மாதத்தில் நான் வெளியே விடாமல் வைத்திருந்த ஒரே செய்தி அதுதான்.