மலாய்ப் படம் பார்த்து முழுகிய ஞாயிறு

எங்கள் வீட்டில் படம் பார்ப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக இருந்து, எழுத்தோட்டத்தில் தொடங்கி வணக்கம் போடும் வரை பார்க்க வேண்டும். சட்டம் போட்டவர் மாமி, அப்பாவின் மூத்த அக்கா. கனடாவில், லாசாலில் நாங்கள் இருந்த வீட்டின் வாடகைப் பத்திரம் அப்பாவின் பெயரில் இருந்தது. ஆட்சி மாமியின் கையில் இருந்தது. படத்தை முடிவு பாராமல் எழும்புவது இலையில் சோற்றை விட்டு எழும்புவதற்குச் சமம் என்பது அவருடைய கட்சி. நடுவில் தேத்தண்ணி போடப் போன அம்மாவையே ஒருமுறை திருப்பிக் கூப்பிட்டு இருத்தியிருக்கிறார்.

அந்தச் சட்டத்தை மீறிய ஒரே ஆள் சித்தி.

சித்தப்பா கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்ட் கைவிட்டதால் மலேசியாவில் அகப்பட்டு, கிள்ளானில் ஒரு வீட்டு மாடியில் வெகுகாலம் ஒளிந்திருந்தவர். அந்த வீட்டுக்காரியின் மகள்தான் சித்தி. சித்தப்பா இங்கே வந்து, விசா கிடைத்து, பிறகு அவரை எடுப்பித்து முடிக்கும்போது இரண்டு பேருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. சித்தி வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. வெளியே முழங்கால் அளவு பனி.

மாமிக்குச் சித்தியில் திருப்தி இல்லை. சித்தியின் தமிழ், சினிமாக்காரர் கதைக்கிற மாதிரி இருக்கிறதாம். மச்சாள் என்று கூப்பிட வேண்டிய இடத்தில் அக்கா என்கிறாராம். எல்லாவற்றையும்விட, தகப்பன் யார், எந்தப் பகுதி ஆக்கள் என்று கேட்டால் நேரான மறுமொழி இல்லை. "எங்கப்பா படத்துல நடிச்சாரு" என்பார் சித்தி. சம்பந்தம் பேசுகிற இடத்தில் அது ஒரு மறுமொழி அல்ல. விசயம் தெளியும் வரை சாமித்தட்டில் விளக்கு வைக்கச் சித்தியை மாமி விடவில்லை. சண்டையெல்லாம் பிடிக்கவில்லை. பொழுதுபடுகிற நேரத்தில் நெருப்புப் பெட்டியைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு சித்தி தன் சூட்கேசிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து வந்தார். "இதுல எங்கப்பா வர்றாரு அக்கா. பாக்குறீங்களா?"

கறுப்பு வெள்ளை மலாய்ப் படம். எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. சித்தி தரையில் இருந்துகொண்டு ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கிராமத்து ஏழைப் பெண், பட்டணத்து மாப்பிள்ளை, பெண்ணைப் பெற்ற நோயாளித் தகப்பன். அந்தத் தகப்பன்தான் சித்தியின் தகப்பன். மெலிந்த மனிதர். இடுப்பில் சாரமும் தலையில் கறுப்பு வெல்வெட் தொப்பியும்.

"தொப்பி போட்டிருக்கிறார்" என்றார் மாமி.

"படத்துக்குத்தான் அக்கா."

ஆனாலும் படம் மாமியைப் பிடித்துக்கொண்டது. ஓலைக் கூரை, தென்னை, ஆம்பிளைகள் எல்லோருக்கும் சாரம். கதாநாயகி தலையை விரித்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கியதும் மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவள் எங்கடை ஆக்கள் மாதிரியெல்லே அழுறாள்."

சித்தி சிரித்தார். "டைரக்டரு தமிழ்நாட்டுலேர்ந்து கப்பலேறி வந்தவரு. மொதலாளி சீனரு. நடிச்சவங்க மலாய்க்காரங்க. டைரக்டரு தமிழ்ல அழுது காட்டுவாரு. எங்கப்பா அதையே மலாய்ல அழுது காட்டுவாரு. அதைப் பாத்துட்டு அந்தம்மா அழுவாங்க. அப்படிக் காட்டிக் காட்டியே எங்கப்பாவும் நடிகராயிட்டாரு."

"அப்ப ஒரு அழுகைக்கு மூண்டு பேர்" என்றார் அப்பா. மாமிகூடச் சிரித்தார். சித்தி வந்ததற்குப் பிறகு மாமி சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

படத்தில் நோயாளித் தகப்பனுக்கு வருத்தம் முற்றி, பாயில் கிடந்து மகளைக் கூப்பிடுகிறார். அந்த இடத்தில் சித்தி படத்தை நிறுத்திவிட்டார்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ?" என்றார் மாமி.

சித்திக்கு முன்னால் சித்தப்பா முந்திக்கொண்டார். "அதுக்கங்கால டிஸ்க் கீறுப்பட்டுப் போச்சு அக்கா. ஓடாது."

முடிவில்லாத படம் மாமிக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி. அந்தக் கிழமை முழுக்க, மகளுக்குக் கலியாணம் சரிவந்ததா, தகப்பன் பிழைத்தாரா என்று கேட்டபடி இருந்தார். சித்தப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முடிவு. ஒரு நாள் தகப்பன் பிழைத்தார். இன்னொரு நாள் மாப்பிள்ளை மனம் திருந்தினான். சென்ட் லோரன்டில் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போய்வந்த களைப்பிலும் அவர் அப்படிக் கதை கட்டியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எதற்காகக் கட்டுகிறார் என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பனி கொட்டித் தள்ளியது. தமிழ்க் கடைக்குப் போய்ப் புதுப் படம் எடுக்க வழியில்லை. மாமி தானே போய் அந்த டிஸ்க்கை எடுத்தார். வாயால் ஊதி, சுவெட்டர் நுனியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கீறலும் இல்லை, தம்பி" என்றார். சித்தப்பா கூரையைப் பார்த்தார். ரிமோட் மாமியின் கைக்குப் போனது.

பாயில் கிடந்த தகப்பன் செத்துப்போனார். பெண் அழுதாள். உடலைக் கழுவினார்கள், வெள்ளைத் துணியில் சுற்றினார்கள், தொப்பி போட்ட ஆம்பிளைகள் தூக்கிப்போய்த் தென்னைகளுக்கு நடுவே வெட்டிய கிடங்கில் இறக்கினார்கள். ஒரு பெரியவர் ஓதத் தொடங்கினார். சித்தி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்லுகினம்?" என்று மாமி கேட்டார்.

"அது மலாய் இல்லக்கா, அரபு. எனக்கும் புரியாது." பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நெசத்துலயும் அவரை இப்படித்தான் எடுத்தாங்க. நான் பாக்கலை."

"விடு" என்றார் சித்தப்பா. சித்தி விடவில்லை.

படத்தில் நடிக்க என்று வைத்த மலாய்ப் பெயர் அவருடைய தகப்பனோடு ஒட்டிக்கொண்டதாம். கூட நடித்த ஒரு பெண்ணை விரும்பி, அவர்கள் மார்க்கத்தில் சேர்ந்து, ஜொகூரில் இன்னொரு குடும்பமாகிவிட்டார். என்றாலும் தீபாவளிக்குத் தீபாவளி மகளைப் பார்க்க வருவார். அவர் செத்த செய்தி கேட்டுச் சித்தி பஸ்ஸில் போய் இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. அன்றைக்கன்றே எடுப்பது அவர்கள் முறை. யாரும் குறை வைக்கவில்லை. சாப்பாடு தந்து, மண் காயாத இடத்தைக் காட்டி, கூட இருந்து அழுதார்கள். திரும்பி வந்தால் தாய், போனவருக்கு இந்த வீட்டில் துடக்கும் இல்லை தீட்டும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"தலைக்குத் தண்ணி ஊத்திக்கவும் அம்மா விடலைக்கா. எப்பவோ விட்டுட்டுப் போன ஆளுக்கு என்ன குளியல்னாங்க. எனக்கு இருக்குறது இந்தப் படம்தான். இதையும் நான் கடைசி வரைக்கும் பாத்ததில்ல. இன்னிக்குத்தான்." பிறகு, "ஷாட் முடிஞ்சதும் குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து காப்பி குடிச்சேன்னு அப்பா சொல்லுவாரு" என்றார்.

அம்மா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தகப்பன் யார் என்ற கேள்விக்கு மறுமொழி வந்துவிட்டது. மாமி பயந்த மறுமொழியும் அதுதான். படம் தன்பாட்டில் ஓடி முடிந்தது. மாமி அப்போதும் வணக்கம் வரும் வரை இருந்துவிட்டுத்தான் எழும்பினார். குளியலறைக்குள் போய்ச் சுடுதண்ணியைத் திறந்துவிட்டு, ஒரு துவாயோடு திரும்பி வந்தார்.

"எழும்பு பிள்ளை. போய் முழுகு."

சித்தி விளங்காமல் பார்த்தார்.

"பிந்திக் கேட்ட செத்தவீட்டுக்கு ஒரு முழுக்குப் போதும். போ." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வேறையாச் சொல்ல வேணுமோ? செத்தவீடு பாத்திட்டு இருக்கிறியள். எல்லாரும் முழுகுங்கோ."

சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் விழும் சத்தத்தோடு அழுகைச் சத்தமும் கேட்டது. படத்தில் அந்தப் பெண் அழுத மாதிரியே அழுதார். யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை. அவருக்குப் பிறகு மாமி, அம்மா, நான். சனிக்கிழமைதான் எனக்கு முழுக வார்த்தது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அப்பாவின் முறை வந்தபோது சுடுதண்ணித் தாங்கி காலி. சித்தப்பா பச்சைத் தண்ணியில் முழுகி, பல் கிடுகிடுக்க வெளியே வந்தார். ஆனால் அவர் முகத்தில் ஏனோ ஒரு நிம்மதி இருந்தது. அன்று பொழுதுபட, மாமி சட்டைப்பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்து ஈரத்தலையோடு நின்ற சித்தியின் கையில் கொடுத்தார். எனக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. தலைமயிர் காயாத கோபத்தில் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் படம். இடைவேளைக்குக் கிட்ட கதாநாயகனின் தாய் செத்துப்போனார். நல்ல வடிவாக மாலை போட்டுப் பாடையில் கொண்டுபோனார்கள். நான் எழும்பிப் போய்த் துவாயை எடுத்தேன்.

"எங்கை போறாய்?" என்றார் மாமி.

"முழுக."

அப்பாவும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை, சித்தியும் சிரிக்கவில்லை. "இது படம் பிள்ளை" என்றார் மாமி. "வந்து இரு."

போன கிழமை பார்த்ததும் படம்தான். அந்த மனிதர் கிடங்கிலிருந்து எழும்பி வந்து காப்பி குடித்ததைச் சித்தியே சொல்லியிருந்தார். துவாயை மடியில் வைத்துக்கொண்டு நான் அதை நன்றாக யோசித்தேன். பாவம், மாமிக்கு வயது போய்விட்டது, எது படம் எது உண்மை என்று தெரியவில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, மிச்சப் படத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.